மலை பார்த்த பக்கம்

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த அறையை அந்த வீட்டில் எல்லோரும் கேபின் என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்காரர் வேர்க்கடலைக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். மண்டிக் கணக்குப் பார்க்க அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று மொட்டை மாடியில் அதைக் கட்டியிருக்கிறார். கட்டி முடித்த பிறகு அவர் அங்கே வந்து உட்காரவே இல்லை. முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. அதனால் எங்களுக்குக் கொடுத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குத் திருவண்ணாமலையில் குமாஸ்தா வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவர், குழந்தை பிறந்த பிறகு இங்கேயே வீடு பார்த்தார். தேர் ஓடும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த வீடு.

கேபினுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் திறக்கும். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வராது. கதவு மலையைப் பார்த்துத் திறக்கும். காற்று, வெளிச்சம் எல்லாமே கதவு வழியாகத்தான். மாடியில் மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர் இருந்தது. கதவுக்கு எதிரே, மலை பார்த்த பக்கம் மட்டும் சுவர் இல்லை. தளம் போய் அப்படியே முடிந்துவிடும். அதற்குக் கீழே வீட்டுக்காரர்களின் துவைக்கிற கல்லும், கிணற்றடியும்.

வந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"அக்கா, இந்தப் பக்கம் மட்டும் சுவர் கட்டலியே?"

"அது மல பாத்த பக்கம்மா. தீபத்துக்கு எங்க ஜனம் பூரா இங்கதான் வந்து உக்காரும். சுவரு வெச்சா மறைச்சுக்காது?"

"மலை அவ்வளோ ஒசரமா இருக்கே அக்கா. சின்னதா ஒரு சுவர் வெச்சாலும் உச்சி தெரியுமே."

"உச்சி மட்டும் தெரிஞ்சா போதுமா? அடிலேர்ந்து முடி வரைக்கும் சாமி. பாதி சாமியப் பாத்துட்டு எந்திரிச்சிப் போறதா? காலேஜு படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாம இருக்கியே!"

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மகள் அப்போது தூளியில் கிடக்கிற குழந்தை. புரளக்கூடத் தொடங்கவில்லை. சுவரைப் பற்றி அதற்கு மேல் பேசினால், வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறாள் என்பார்கள் என்று பயந்தேன். பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன், அன்றைக்கே கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்க வேண்டுமோ என்று. கேட்டிருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் என்று உடனே இன்னொரு நினைப்பும் வரும்.

மகள் தவழ ஆரம்பித்ததும் கதவைச் சாத்தினேன். நடக்க ஆரம்பித்ததும் தாழ்ப்பாளும் போட்டேன். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்கு அடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஸ்டவ்வைப் பற்றவைத்தால் அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஈரத் துணியைத் தரையில் விரித்து அவளை அதன்மேல் உட்கார வைப்பேன். அவள் எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள். உள்ளே இருந்துகொண்டு வெளியே தட்டுகிற குழந்தை. யாரோ வந்து திறப்பார்கள் என்பதுபோல.

கணவரிடம் சொன்னேன்.

"கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு கண்ணு அவமேல இருக்கட்டும். எல்லாரும் புள்ள வளக்கலியா?" என்றார்.

அந்த ஒரு கண்ணை அவள்மேல் வைத்துவிட்டால் சோறு வடிப்பது எப்படி, தண்ணீர் இறைத்துக்கொண்டு படியேறுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவர் கோபக்காரர் இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். எனக்குத்தான் என் பயம் நியாயமான பயமா, வீட்டுக்குள்ளேயே கிடப்பதால் வந்த பயமா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டதால் உள்ளேயாவது நன்றாக இருக்கட்டும் என்று அறையைச் செய்ய ஆரம்பித்தேன். கணவர் அலுவலகத்திலிருந்து பழைய வாரப் பத்திரிகைகள் கொண்டுவருவார். அவற்றில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி, கழித்த பொருள்களைக் கொண்டு நவீனமாக அலங்கரிப்பது எப்படி என்றெல்லாம் எழுதுவார்கள். டிரங்குப் பெட்டியின்மேல் பஞ்சு வைத்துத் தைத்து அதை உட்காரும் இருக்கை ஆக்கினேன். படித்து முடித்த அந்தப் பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்களையே முக்கோணமாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுருட்டி, பசை தடவி மணிகளாக்கி, கோத்துத் திரை கட்டினேன். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் வீடு. முறத்துக்கு வண்ணம் அடித்துச் சுவரில் மாட்டினேன். ஓரம் கிழிந்த சுங்குடிச் சேலை ஜன்னலுக்குப் போயிற்று. பல்புக்குக்கூட ஒயரில் ஒரு கூடு பின்னினேன்.

வீட்டுக்காரம்மா யார் வந்தாலும் மேலே கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். கதவைத் தட்டுவார். நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திறப்பேன்.

"இன்னாடி இது, சினிமால வர்ற ஊடு மாதிரி கீது!" என்று வந்தவர்கள் சொல்வார்கள்.

"எல்லாம் இவ கை வேல. சும்மா குந்திகினு இருக்க மாட்டா," என்பார் வீட்டுக்காரம்மா, ஏதோ தன் மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவர்கள் போன பிறகு மறுபடி தாழ்ப்பாள் போடுவேன். இவ்வளவு அழகான இடத்தில் இருந்துகொண்டு மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் இனி யார் நம்புவார்கள் என்று தோன்றும். அறையை நான் எவ்வளவு நன்றாகச் செய்தேனோ அவ்வளவுக்கு எனக்குக் குறை சொல்ல வாய் இல்லாமல் போயிற்று.

அரைக்கதவு யோசனை அப்படித்தான் வந்தது. மரக் கதவு திறந்தே இருக்க வேண்டும், காற்று வர வேண்டும், மகள் வெளியே போகக் கூடாது. உடைந்துபோன மடக்குக் கட்டிலின் சட்டம் ஒன்று படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அதை வாசல் அளவுக்கு அறுக்கச் சொல்லி, கீல் வைத்து, வெளிப்பக்கம் ஒரு கொக்கியும் போட்டு வாங்கினார் கணவர். என் மார்பளவு உயரம். சட்டத்துக்கு நடுவில் நான் பிளாஸ்டிக் ஒயரால் பின்னினேன். கூடை பின்னத் தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் இரண்டு மூன்று பின்னல் தெரியும். நெருக்கமாகப் போடுகிற பின்னல் உண்டு. அதைப் போட்டால் பலகை மாதிரி ஆகிவிடும், காற்று வராது. அதனால் சிவன் கண் போட்டேன். முடிச்சுகளுக்கு நடுவே கண் திறந்தாற்போல் ஓட்டை விழும். கூடைக்குப் போடுவதைவிடக் கண்ணை இன்னும் பெரிதாக விட்டேன். நீலமும் வெள்ளையும். விரல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டு, உப்பு எடுக்கும்போது எரிந்தது.

மாட்டிய அன்றைக்குக் கதவை விரியத் திறந்து வைத்தேன். மலை தெரிந்தது. காற்று காகித மணித் திரையை அசைத்தது. மகள் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணில் மூக்கை வைத்து, வெளியே பார்த்துக் காகத்தைக் கூப்பிட்டாள். நான் திரைக்குப் பின்னால் நின்று கத்திரிக்காய் அரிந்துகொண்டே அவள் குரலைக் கேட்டேன். அந்தச் சில வாரங்கள் நன்றாக இருந்தன.

"எங்க ஊட்டு வாசலுக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். நாய் உள்ள வருது," என்றார் வீட்டுக்காரம்மா.

"போட்டுத் தரேன் அக்கா."

"கலரு மட்டும் மாத்திப் போடு. இல்லன்னா நான் உன்னப் பாத்துப் போட்டேன்னு சொல்லுவாங்க."

ஒரு நாள் காலை, கணவர் கிளம்பிப் போன பிறகு, பருப்பு பொங்கி வழிகிறதே என்று அந்தப் பக்கம் திரும்பி ஸ்டவ்வைத் தணித்தேன். மகளின் குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் அரைக்கதவின் உச்சியில் இருந்தாள். வயிறு சட்டத்தின்மேல் படிந்திருக்க, தலை வெளியே, கால் உள்ளே. ஒரு கால் கட்டைவிரல் சிவன் கண் ஒன்றில் செருகியிருந்தது. அடுத்த கால் மேலே இன்னொரு கண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் கையை விட்டுவிடுவாள். மணித் திரை அறுந்து சிதற, போய்க் காலைப் பிடித்து இழுத்து எடுத்தேன். அவளுக்கு அழுகை இல்லை. ஏறியது அவளுக்குப் பெருமை. மறுபடி இறக்கிவிடச் சொல்லி நெளிந்தாள்.

காற்றுக்காக நான் விட்ட ஓட்டை ஒவ்வொன்றும் அவளுக்குப் படி. நானே பின்னி, நானே முடிச்சை இறுக்கி, ஏணி செய்து வாசலில் மாட்டியிருக்கிறேன்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. சொன்னால் ஸ்டவ்வைப் பார்த்தாயா குழந்தையைப் பார்த்தாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருக்கவும் மாட்டார். மறுபடி மரக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, வாடைக்காற்று, பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது என்றேன். அறுந்த மணிகளைப் பொறுக்கிக் கோக்க மனம் வரவில்லை. அட்டையை வைத்து ஓட்டைகளை அடைக்கலாமா, அவிழ்த்துவிட்டு நெருக்கமாகப் பின்னலாமா என்று யோசித்தேன். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

தீபத்தன்று ஊரே பஸ்ஸில் வந்து இறங்கும். எங்கள் மாடியும் மத்தியானத்திலிருந்தே நிறைந்துவிட்டது. வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வேங்கிக்காலிலிருந்து, அடி அண்ணாமலையிலிருந்து, இன்னும் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பெண்கள் சேலை மாற்றிக்கொண்டதும் கைக்குழந்தைகளைத் தூங்க வைத்ததும் எங்கள் கேபினில்தான். வீட்டுக்காரர்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, மலை பார்த்த விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விளிம்பு நெடுக அகல் விளக்குகளை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டிருந்தார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். அதுவரை ஊர் இருட்டாகவே காத்திருக்கும்.

மகள் எல்லார் காலுக்கு நடுவிலும் புகுந்து அகல்களை நோக்கியே போனாள். நான் அவள் கவுனைப் பிடித்தபடியே பின்னால் போனேன். பொரி உருண்டைத் தட்டை என் கையில் கொடுத்தார் வீட்டுக்காரம்மா.

"எல்லாருக்கும் குடு. கொழந்தைய உள்ள உட்டு கொக்கிய மாட்டு. எண்ணெய்ல கைய வெச்சிடப் போகுது."

"நான் தூக்கிக்கிறேன் அக்கா."

"புள்ளையத் தூக்கிகினு எப்பிடித் தட்டு தூக்குவ? அதுக்குத்தான அழகா ஒரு கதவு செஞ்சி வெச்சிருக்க!"

"அப்போ மரக் கதவையும் சாத்திடறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "தீபம் ஏத்தற நேரத்துல வாசக் கதவ சாத்துவாங்களா? இன்னா பேசற நீ? அதுவும் சாமியப் பாத்த வாசல."

சுற்றிலும் இருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கணவர் ஆண்கள் பக்கம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் மகளை உள்ளே விட்டேன். கொக்கியை மாட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். ஒரு கை நீளும், உருண்டையை வைப்பேன், திரும்பி வாசலைப் பார்ப்பேன். இன்னொரு கை நீளும். "ஏம்மா, இங்க ஒண்ணு தரலியே," என்று யாரோ சொன்னார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பொழுது சாய்ந்தது. மாடியில் பேச்சு அடங்கியது. எல்லா முகமும் மலை உச்சியை நோக்கித் திரும்பியது. திடீரென்று ஊர் முழுக்க ஒரே சத்தம் எழுந்தது: அண்ணாமலையாருக்கு அரோகரா! எங்கள் மாடியில் எல்லோரும் தலைக்குமேல் கைகூப்பினார்கள். எனக்கு முன்னால் இருந்த முகங்களெல்லாம் என்னைத் தாண்டி மேலே பார்த்தன. ஏனென்றால் நான் ஒருத்திதான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றிருந்தேன். தீபத்தின் முதல் சுடரை நான் பார்க்கவில்லை. அவர்கள் கண்களில் ஒரு பொட்டு மினுங்கியதை வேண்டுமானால் பார்த்தேன் என்று சொல்லலாம்.

"ஏம்மா!" வீட்டுக்காரம்மாவின் குரல். "சாமிக்கு முதுகக் காட்டிகினு நிக்கற! திரும்பு, திரும்பு, கும்புடு!"

"அவ ஏறுவா அக்கா," என்றேன்.

"யாரு?"

"எம் பொண்ணு. அந்தக் கதவுல ஏறுவா. ஏற்கெனவே ஏறிட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல."

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மகள் ஏற்கெனவே பாதி ஏறியிருந்தாள். அத்தனை பேர் அரோகரா போட்டதில் அவளுக்கு உற்சாகம். அவளும் அவள் பாஷையில் கத்திக்கொண்டே கட்டைவிரலை ஒரு கண்ணிலிருந்து எடுத்து மேல் கண்ணில் வைத்தாள்.

"பாருடி, கொழந்த மல ஏறுது!" என்று ஒரு கிழவி கைதட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். யாரோ இன்னொரு தடவை அரோகரா என்றார்கள். தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று தெரியாது. உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போவதற்குள் மகள் சட்டத்தின்மேல் ஒரு காலைப் போட்டுவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மேலிருந்து என் கழுத்துக்குத்தான் தாவினாள். எல்லாரும் அதற்கும் கைதட்டினார்கள்.

சிரிக்காதவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் நாற்காலியிலிருந்து அரைக்கதவைப் பார்த்தார். பிறகு அங்கிருந்து தன் காலடிக்குப் பக்கத்தில் இருந்த விளிம்பைப் பார்த்தார். கைவிளக்கு வைத்திருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க சுவரு வரணும்."

"தீபத்துக்கு மறைக்குமே."

"மறைக்கட்டும்."

கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் மெதுவாக. சொல்லியிருக்கலாம்தான். அவர் கையில் மகளைக் கொடுத்துவிட்டு, அகல்களை ஏற்றுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இரண்டு திரி பிடிக்காமல் போயிற்று.

சுவர் வேலை தை பிறந்ததும் தொடங்கியது. வீட்டுக்காரம்மாவுக்கு மனத்தாங்கல். ஆனால் கட்டுவது என்று ஆனபின் அவரே முன்னால் நின்றார். வேங்கிக்கால் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் மாடிச் சுவருக்கு வெறும் செங்கல் வைக்காமல், பூப்போட்ட சிமெண்ட் ஜாலி வைத்துக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். மாடர்னாகவும் இருக்கும், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் ஓட்டை வழியாக மலையை அடியிலிருந்து பார்க்கவும் செய்யலாம். அவருக்கு அது இரண்டு விதத்திலும் சரியாகப் பட்டது.

நான் மகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன். சாந்து கலக்கும் சத்தமும் கரணை உரசும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கொத்தனார் டீ குடிக்கப் போன நேரம், மகள் தூங்கிவிட்டாள் என்று, கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தேன். தளத்திலிருந்து என் மார்பு வரை ஜாலி வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொரு கல்லிலும் நாலு இதழ்ப் பூ. இதழுக்கு இதழ் ஓட்டை. குனிந்து என் விரல்களை விட்டுப் பார்த்தேன். மகளின் பாதம் எனக்கு அளவு தெரியும். கட்டைவிரல் என்ன, முன்பாதமே நுழையும்.

கீழே போய்ச் சொல்லலாம். காசு போட்டு ஆசையாகக் கட்டுகிறார்கள். எனக்காகத்தான் கட்டுகிறார்கள் வேறு. கணவர் வந்ததும் சொல்லலாம். அதற்குள் சுவர் முடிந்துவிடும், காய்ந்துவிடும். சொல்லாமலே இருந்து, அரைக்கதவை நெருக்கமாகப் பின்னிக்கொண்டு, உள்ளேயே இருந்துவிடலாம். அதுதான் எனக்குப் பழக்கமானது.

கொத்தனாரின் இரும்புப் பாண்டில் சாந்து ஈரமாக இருந்தது. கையால் அள்ளினேன். முதல் பூவில் அடைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். அந்தப் பக்கம் பிதுங்கிக் கிணற்றடியில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் அள்ளி, மெதுவாக அடைத்தேன். அடி வரிசை முழுக்க அடைத்தேன். அதற்கு மேல் வரிசைகளுக்கு வந்தேன். ஒயர் வெட்டி ஆறிய இடங்களில் சிமெண்ட் எரிந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டபோதும் நிறுத்தவில்லை.

"ஐயய்யோ!" வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாடி பண்ணி வெச்ச? பூவப் பூரா அடச்சிட்டியே!"

"ஏறுவா அக்கா."

"எவ்ளோ ஆசையா வாங்கியாந்தேன்!"

"தெரியும். ஆனா ஏறுவா."

கொத்தனார் அவருக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எங்க வேலையவும் நீங்களே செஞ்சிடறதா?" என்று சிரித்தார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. என்னையும் என் கையையும் பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. சாமானை எடுத்து வை என்று சொல்லியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

"கையக் கழுவு மொதல்ல, வெந்துடும்," என்றார். கொத்தனாரிடம் திரும்பி, "அத கொஞ்சம் மட்டமாவாது தேச்சி உடுங்க. அசிங்கமா கீது," என்றார். அதன் பிறகு பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் வாசலுக்கு நான் பின்னித் தருவதாகச் சொன்ன கதவைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

சுவர் காய்ந்ததும் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து, அரைக்கதவின் கொக்கியையும் எடுத்தேன். மகள் வாசலில் தயங்கினாள். பிறகு ஓடினாள். மாடி முழுக்க, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடினாள். மலை பார்த்த சுவரிடம் போனதும் காலைத் தூக்கி வைத்துத் தேடினாள். கீழே இடம் அகப்படவில்லை. கையைத் தூக்கி, அடைபடாமல் நின்ற மேல் பூவைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை.

நான் போய் அவளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, உச்சந்தலைக்கும் அந்தப் பூவுக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் இருந்தது. அடுத்த கார்த்திகைக்குள் வளர்ந்துவிடுவாளா என்று கணக்குப் போட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி ஓடினாள். சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் ஓடுவதைப் பார்த்தபடி, அங்கேயே நின்றேன்.